ரேடியோ பாயும் எங்கள் கோயில் பெட்டியும்

ரேடியோவின் முதுகைத் திறப்பதற்கு முன்னால், அதைத் தூக்கிக்கொண்டு வந்த ஆளின் வாயைத் திறக்க வைப்பார் ரேடியோ பாய். பழவேற்காடு கடைத்தெருவில் அவர் கடைக்குப் போன எல்லோருக்கும் இது தெரியும். அவசரக்காரர்கள் அந்தப் பக்கமே போகமாட்டார்கள்.

"பாட மாட்டேங்குது பாய்" என்று சொன்னால் போதாது. எப்போது நின்றது, தேய்ந்து தேய்ந்து நின்றதா, பட்டென்று நின்றதா, மழை பெய்ததா, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, ரேடியோவுக்குப் பக்கத்தில் என்ன இருந்தது என்று கேட்டுக்கொண்டே போவார். ஆள் பதில் சொல்லும்போது அவர் ரேடியோவைப் பார்க்கமாட்டார். சொல்கிறவர் முகத்தைத்தான் பார்ப்பார்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. நடுவில் ஒரு துணித்திரை. திரைக்கு அந்தப் பக்கமிருந்து அவர் மனைவியின் குரல் வரும்.

"ஊரு ஒலகத்து ஊட்டுக் கதையெல்லாம் கேட்டு முடிச்சாச்சா? சோறு ஆறிப்போவுது."

"தோ, இன்னும் ரெண்டே கேள்வி."

"அந்த ரெண்டு கேள்விய லுஹர் தொழுகைக்கு முன்னாடியே சொன்னீங்க."

பாய் சிரித்துக்கொண்டே மூன்றாவது கேள்வியைக் கேட்பார்.

ஒல்லியான மனிதர். கட்டம் போட்ட லுங்கி, கை மடித்த சட்டை. வலது காதில் எப்போதும் ஒரு மூங்கில் குச்சி செருகியிருக்கும். அதன் நுனியைத் தட்டையாகச் சீவி வைத்திருப்பார். ரேடியோவுக்குள் இருக்கும் கம்பி சுற்றிய சின்னச் சின்னக் காயில்களின் நடுவில் திருகு மாதிரி ஒன்று இருக்கும். அதைத் திருப்புவதற்கு அந்தக் குச்சி. இரும்பு ஸ்க்ரூ டிரைவர் இருந்தாலும் அதைக் காயிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோகமாட்டார். "இரும்பப் பார்த்தா காயிலு பயந்துக்கினு பொய் சொல்லும் தம்பி" என்பார்.

சுண்ணாம்புக்குளத்திலிருந்து நண்டு விற்கும் அம்மா ஒருத்தி ஒருநாள் ரேடியோவோடு வந்தாள். கடையில் நாலைந்து பேர் இருந்தோம். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"நான் கொழம்பு வெச்சா இது தெலுங்கு பேசுது பாய்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஒருத்தர், "கொழம்புல இன்னா மீனும்மா போடற, நெல்லூரு மீனா?" என்றார். அவள் முகம் சுண்டிப்போய் ரேடியோவைத் துணியில் சுற்றப் போனாள்.

பாய் சிரிக்கவில்லை. "கொழம்பு வெக்கறப்பவா, கொதிக்கறப்பவா?" என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். "கொதிக்கறப்ப."

மறுநாள் அவர் கடையைச் சாத்திவிட்டுச் சுண்ணாம்புக்குளம் போனார். அவள் வீட்டில் உட்கார்ந்து அவள் அடுப்பு மூட்டுவதிலிருந்து பார்த்தார். குழம்பு கொதித்தது. தமிழ்ச் செய்தி மெதுவாகத் தேய்ந்து தெலுங்குப் பாட்டு ஏறியது. ரேடியோ இருந்த பலகை அடுப்புக்கு நேர் மேலே. காயில் நகராமல் இருக்க உள்ளே மெழுகு வைத்திருப்பார்கள். அந்த மெழுகு சூட்டில் இளகி, காயில் நகர்ந்து, ஸ்டேஷன் மாறியிருக்கிறது. பலகையை எதிர்ச்சுவருக்கு மாற்றிவிட்டு, அந்தக் குழம்பிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தார்.

சிரித்தவர்களிடம் அவர் ஒன்றுதான் கேட்டார். "வேல வெட்டிய உட்டுட்டு, நண்டுக் கூடைய இறக்கி வெச்சிட்டு, சும்மா ஒரு பொம்பள இத்தச் சொல்றதுக்கா இவ்ளோ தூரம் வருவா?"

அவர் குணத்தை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். குறை சொல்கிற மனிதரை அவர் நம்புவார். எந்திரம் நன்றாக இருக்கிறது என்று அவர் கண்ணே சொன்னாலும், எதிரில் நிற்கும் ஆள் குறை இருக்கிறது என்றால், தன் கண்ணைத்தான் முதலில் சந்தேகப்படுவார்.

இதனால் அவருக்குக் கஷ்டமும் உண்டு. கடலில் மகனைப் பறிகொடுத்த பெரியவர் ஒருவர், ரேடியோவில் மத்தியான நேரத்தில் தன் மகன் பேசுகிறான் என்று கொண்டுவந்தார். பாய் அதை மூன்று மாதம் வைத்திருந்தார். தினமும் மத்தியானம் காதை ஒட்டி வைத்துக் கேட்டார். கடையில் மற்ற வேலை தேங்கிப்போனது. கடைசியில் திருப்பிக் கொடுக்கும்போது, "எனக்குக் கேக்கல பெரியவரே. உங்களுக்குக் கேக்கலன்னு சொல்ல எனக்கு வாய் வரல" என்றார். பெரியவர் அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். கடையில் இருந்த எங்களுக்குத்தான் ஒருமாதிரியாக இருந்தது. பைத்தியத்தை இப்படி வளர்க்கலாமா என்று ஒருத்தர் பின்னால் பேசினார். எனக்கும் அன்றைக்கு அது சரியா தப்பா என்று தெரியவில்லை.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஏரிக்கு அக்கரையில் எங்கள் மீனவக் கிராமம். ஐந்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு நைனாவோடு ஏரிக்குப் போனேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச வராது. யாராவது "இன்னாடா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்பதுதான் என் பதில். காலில் சிப்பி குத்தி ரத்தம் வந்தால்கூட ஒண்ணுமில்லதான்.

எனக்கு வாய் என்று ஒன்று இருந்தது எங்கள் ஊர் மாதா கோயிலில் இருந்த கால்பெட்டியில்தான். காலால் மிதித்தால் காற்று போகும், கையால் கட்டைகளை அழுத்தினால் பாடும், பெரிய ஆர்மோனியம். எப்போதோ ஒரு வெள்ளைக்காரச் சாமியார் கொண்டுவந்தது. கன்னியாஸ்திரி அம்மா ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். அவர் மாற்றலாகிப் போன பிறகு, கோயிலைப் பெருக்கப் போன நான் ஒவ்வொரு கட்டையாகத் தொட்டுத் தொட்டு, ஊர்ப் பாட்டுக்களைக் கண்டுபிடித்தேன். நோட்டு பார்க்கத் தெரியாது. காதும் கையும்தான். பத்து வருஷத்துக்கு மேல் ஞாயிறு பூசைக்கு நான்தான் வாசித்தேன். அந்த ஒரு மணி நேரம் ஊர் என் பின்னால் பாடும். நான் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். எனக்கு அதைவிட நல்ல இடம் உலகத்தில் கிடையாது.

எண்பதாம் வருஷத்துக்கு முன்னே பின்னே இருக்கும். ஒரு மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் கோயிலுக்குள் வந்து, கால்பெட்டி மூன்று நாள் தண்ணீரில் நின்றது. எடுத்துக் காயவைத்தபோது அங்கங்கே ஒரு கட்டை முனகியது. மற்றவை பேசவில்லை.

கோயில் கமிட்டித் தலைவர் காரியக்காரர். அவர் மெட்ராஸ் போய், ஒரு பள்ளிக்கூடத்தில் வேண்டாம் என்று வைத்திருந்த மின்சார ஆர்கனைக் கேட்டு வாங்கிவந்தார். எங்கள் ஊருக்குக் கரண்ட் வந்தே அப்போது மூன்று நாலு வருஷம்தான். பளபளவென்று பெட்டி. காலால் மிதிக்க வேண்டாம். ஊரே வந்து பார்த்தது. நான் உட்கார்ந்து வாசித்தேன்.

பாட்டு நின்றுபோனது.

பெண்கள் பக்கம்தான் முதலில் நின்றது. ரோசம்மா அத்தைதான் எங்கள் ஊரில் குரல் எடுத்துக்கொடுப்பவள். அவள் இரண்டாவது அடியில் வாயை மூடிக்கொண்டாள். அவள் மூடியதும் எல்லோரும் மூடிக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறும் அப்படியே. "பல்லு கூசுதுடா" என்றாள் அத்தை.

தலைவர் கோபப்பட்டார். "மெட்ராஸ்ல பெரிய பெரிய கோயில்ல வெச்சி வாசிக்கற சாமான் இது. பொட்டியில குறை இல்ல. வாசிக்கறவன் கையிலதான் குறை. கால்பொட்டிய மிதிச்ச பய, அவனுக்கு இது எங்க வரும்?"

கமிட்டி கூடி முடிவு செய்தார்கள். கோயில் திருநாளுக்கு மெட்ராஸிலிருந்து வாசிக்கிறவர் ஒருவர் வருவார். சரிப்பட்டால் ஞாயிறு பூசைக்கும் அவரே. நான் இனிமேல் வேண்டாம்.

நைனா என்னிடம், "ஏண்டா, நீ ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டார். ஒண்ணுமில்ல என்றேன். என் கைதான் குறை என்று நானும் நம்பிவிட்டேன். அந்த நாட்களில் வலை இழுக்கும்போது என் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். இது என்ன தப்பு செய்தது என்று.

பெட்டியில் குறை இல்லை என்று ரோசம்மா அத்தை வாயை அடைப்பதற்காகத்தான் தலைவர் ரேடியோ பாயை வரச்சொன்னார். பாய் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. அவரை என் படகில்தான் கூட்டிவந்தேன். வழியெல்லாம் நான் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை.

கோயிலுக்குள் வந்ததும் அவர் பெட்டியைத் தொடவில்லை. "யாரு குறை சொன்னது?" என்று கேட்டார்.

தலைவர், "அது பொம்பளைங்க சொல்றது பாய், நீங்க பொட்டியப் பாருங்க" என்றார்.

"அவங்களத்தான் பாக்கணும்."

ரோசம்மா அத்தை மீன் காயவைத்த கையோடு வந்தாள். பாய் கேட்டார், "பல்லு கூசுதுன்னு சொன்னீங்களாமே. எல்லா பாட்டுக்கும் கூசுதா, ஒண்ணு ரெண்டுக்கா?"

"தவக்காலத்துல பாடற துக்கப் பாட்டுக்கு ரொம்ப. சந்தோசப் பாட்டுக்குக் கொஞ்சம் கம்மி."

"எந்த எடத்துல?"

அவள் பாடிக் காட்டினாள். ஒரு இடத்தில் நிறுத்தி, "தோ இங்க. எங்கொரலு ஒரு பக்கம் போவுது, இது என்னியப் புடிச்சி மேல இழுக்குது" என்றாள்.

பாய் என் பக்கம் திரும்பினார். "நீ இன்னா சொல்ற தம்பி?"

"என் கைதான் பாய்" என்றேன்.

"கைய நான் கேக்கல. உன் காதுக்கு இன்னா தோணுது?"

இதற்கு முன்னால் யாரும் என் காதைப் பற்றிக் கேட்டதில்லை. சொன்னேன். "பழைய பொட்டியில ரெண்டு மூணு கட்டைய சேத்து அமுத்தினா தண்ணி நின்ன மாதிரி இருக்கும் பாய். இதுல எங்க அமுத்தினாலும் ஆடிக்கினே இருக்குது."

"பழைய பொட்டி எங்க?"

கோயிலுக்குப் பின்னால் பழைய பாய்மரத் துணிக்குக் கீழே கிடந்தது. அதன் உள்ளே பித்தளைத் தகடுகள் வரிசையாக இருக்கும். காற்று பட்டால் துடித்துப் பாடும். நாங்கள் நாக்கு என்போம். பெரும்பாலும் பச்சை பிடித்து உடைந்துபோயிருந்தன. பாய் ஒவ்வொன்றாகக் கழற்றி வெளிச்சத்தில் வைத்து, வாட்ச் ரிப்பேர்க்காரர்கள் கண்ணில் வைக்கும் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பத்து நாக்கு பார்த்திருப்பார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"தோ பார். அரத்தால ராவின கோடு. நுனியில ராவினா சத்தம் மேல ஏறும். அடியில ராவினா இறங்கும்னு தோணுது. இது உப்பு தின்னது இல்ல தம்பி. யாரோ உக்காந்து, கேட்டுக் கேட்டு வெச்சிருக்கான்."

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. அந்த வெள்ளைக்காரச் சாமியாரோ, அவர் கூட வந்த யாரோ, அந்தக் காலத்து முறைப்படி கட்டைகளுக்குச் சுருதி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர் மூன்று தலைமுறையாக அந்தச் சுருதியில் பாடியிருக்கிறது. புதுப்பெட்டி வேறு முறை. அதுவும் தப்பில்லை. எங்கள் தொண்டைக்குத்தான் அது வெளியூர்.

பாய் மின்சார ஆர்கனின் முதுகைத் திறந்தார். உள்ளே பன்னிரண்டு காயில்கள். ஒரு சுரத்துக்கு ஒன்று. ஒன்றைத் திருப்பினால் அந்தச் சுரம் மேலே, நடுவில், கீழே எல்லா இடத்திலும் சேர்ந்து மாறும். காதிலிருந்து குச்சியை எடுத்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஒவ்வொரு காயிலின் பக்கத்திலும், அது இருந்த இடத்தை முதலில் பென்சிலால் குறித்தார். பிறகு பழைய நாக்கு ஒன்றை வாயில் வைத்து ஊதினார். நான் அதே சுரத்தைப் புதுப்பெட்டியில் அழுத்தினேன். இரண்டும் சேரும்போது வா, வா, வா என்று ஒரு அலை எழுந்தது. குச்சியைத் திருப்பத் திருப்ப அலை மெதுவாகும். கரை சேர்ந்த படகு ஆடி ஆடி நிற்பது மாதிரி நிற்கும். அடுத்தது.

இப்படி எட்டு சுரம் சேர்ந்தது. மீதி நாலுக்கு எங்கே தேடினாலும் ஒரு நாக்குகூட உயிரோடு இல்லை. அவற்றைப் பக்கத்துச் சுரங்களோடு சேர்த்து வாசித்து, ஆட்டம் நிற்கும் இடமாகப் பார்த்து வைத்தார். மூன்று அமைந்தது. கடைசி ஒன்று அமையவில்லை. கறுப்புக் கட்டைகள் மூன்று சேர்ந்து இருக்கும் இடத்தில் நடுவில் இருப்பது அது. கீழே தள்ளி இருக்கிற ஒரு வெள்ளைக் கட்டையோடு இனித்தால், மேலே தள்ளி இருக்கிற இன்னொரு வெள்ளைக் கட்டையோடு நாய் ஊளையிடுவது மாதிரி கேட்டது. மேலே இனிக்க வைத்தால் கீழே ஊளை.

தான்தான் எங்கோ தப்பு செய்துவிட்டோம் என்று முதலிலிருந்து மூன்று தடவை செய்து பார்த்தார். மூன்று தடவையும் அதே ஊளை. கடைசியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"என் தப்பு இல்ல தம்பி. இது கூடவே பொறந்த மிச்சம். பன்னெண்டும் இனிக்காது. கொஞ்சம் பிசகு மிச்சமா எங்கியாவது நின்னே தீரும். புதுப்பொட்டிக்காரன் அத்த பன்னெண்டு கூறு போட்டு எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் குடுத்துட்டான். அதான் எங்க தொட்டாலும் ஆடுது."

பாவம், அவருக்கு அந்தக் கட்டைமேல் இரக்கம் வந்துவிட்டது. எனக்கும்தான். இரண்டு பக்கமும் பொதுவாக இருக்கட்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து அதை நட்டநடுவில் வைத்தோம்.

ரோசம்மா அத்தையைக் கூப்பிட்டுத் தவக்காலப் பாட்டை வாசித்தேன். அதே இடத்தில் நின்றாள்.

"முன்ன விட மோசம்டா" என்றாள்.

பாய் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். திருநாளுக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது.

அவரை அக்கரைக்குக் கொண்டுபோய் விடும்போது படகில் அவர் பேசவில்லை. நான்தான் பேசினேன். எப்படிப் பேசினேன் என்று தெரியவில்லை. ஏரி வாய்ப் பக்கம் இறால் அதிகம் விழும் இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று எங்கள் பக்கத்தில் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். அதற்குப் பாடு என்று பேர். அதைப் பற்றிச் சொன்னேன்.

"பாய், பாடுன்னா ஒரு எடத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு செட்டு ஆளுங்கதான். பாவம்னு ரெண்டு செட்ட ஒரே எடத்துல உட்டா, ரெண்டு வலையும் சிக்கிக்கினு ரெண்டு பேருக்கும் இறால் இல்ல. ஒருத்தனுக்கு முழுசாக் குடுக்கணும். இன்னொருத்தன் அன்னிக்கி ஊட்ல இருக்கணும்."

பாய் துடுப்பைப் பிடித்த என் கையைப் பிடித்து நிறுத்தினார். "யாருக்குக் குடுக்கறது?"

"கீழ் கட்டைக்கு. எங்க தவக்கால பாட்டு மொத்தமும் கீழ் கட்டையோடதான் அத்தக் கூப்புடும். மேல் கட்டையோட அது சேந்து நான் இது வரைக்கும் ஒரு பாட்டும் வாசிச்சதே இல்ல."

"பத்து வருசத்துல?"

"ஒருவாட்டி கூட இல்ல. கை அங்க போவவே போவாது."

"அட பேமானி," என்றார் பாய், முகமெல்லாம் சிரிப்பாக. "இத்த வெச்சிக்கினா இத்தினி நேரமா வாயத் தொறக்காம உக்காந்திருந்த? படகத் திருப்பு!"

திருப்பினேன். அவர் மனைவி அன்றைக்குச் சோற்றை எத்தனை தடவை சூடு பண்ணினாரோ.

திருநாளுக்கு முதல் நாள் காலை மெட்ராஸ்காரர் வந்தார். பெல்பாட்டம் போட்ட இளைஞர், நல்ல மாதிரி. கமிட்டி முழுவதும் கோயிலில் இருந்தது. அவர் உட்கார்ந்து, மேலும் கீழும் விரலை ஓட்டி, கறுப்புக் கட்டைகள் நிறைய வருகிற ஒரு பெரிய பாட்டை எடுத்தார். நாலாவது நொடியில் பெட்டி ஊளையிட்டது. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து நின்றது. யாரோ பையன் கெக்கெக்கே என்று சிரித்தான்.

தலைவர் பாயைப் பார்த்துக் கத்தினார். "நல்லா இருந்த சாமான நாசம் பண்ணிட்டியே பாய்! உன்ன இன்னா சொல்லிக் கூப்பிட்டேன், நீ இன்னா பண்ணி வெச்சிருக்கற?"

பாய் குரலை உயர்த்தவில்லை. "பழைய எடத்த எல்லாம் பென்சில்ல குறிச்சி வெச்சிருக்கேன் தலைவரே. சொன்னீங்கன்னா கால் மணி நேரத்துல அப்படியே திருப்பிடறேன். ஆனா குறை சொன்னது நீங்க இல்ல. சொன்னவங்க தோ நிக்கறாங்க. அவங்கள ஒருவாட்டி கேட்டுட்டு அப்பால சொல்லுங்க."

மெட்ராஸ்காரர் எழுந்து எனக்கு இடம் விட்டார். மிதிக்க எதுவும் இல்லாத இடத்தில் என் கால் பழைய மிதியைத் தேடியது. தவக்காலப் பாட்டையே எடுத்தேன். ரோசம்மா அத்தை முதல் அடியைப் பாடினாள். இரண்டாவது அடி வந்தது. அவள் நிற்கவில்லை. அந்த இடம் வந்தது. கீழ்க் கட்டையும் அந்தக் கறுப்புக் கட்டையும் சேர்ந்தன. தண்ணீர் நின்ற மாதிரி நின்றது. அவள் குரல் அதன்மேல் போனது. பின்னால் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். முதுகுக்குப் பின்னால் ஊர் பாடுவதை எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கேட்டேன். தலைவரின் கட்டைக் குரலும் அதில் இருந்தது. அவர் கோபமாக இருக்கும்போதே பாட ஆரம்பித்துவிட்டார் போல.

பாட்டு முடிந்ததும் மெட்ராஸ்காரர்தான் முதலில் பேசினார். "எனக்கு இந்தப் பெட்டியில வாசிக்க முடியாதுங்க. ஆனா இதை மாத்தாதீங்க. இவரே வாசிக்கட்டும்." திருநாளுக்கு அவரும் கூட்டத்தில் நின்றே பாடினார்.

தலைவர் மோவாயைச் சொறிந்தார். "சரி. பயலே வாசிக்கட்டும்" என்றார்.

இவ்வளவும் நடந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. நாலைந்து வருஷத்தில் பாயின் பெரிய பெண்ணை மெட்ராஸில் கட்டிக்கொடுத்தார்கள். பிறகு அவரும் கடையை மூடிவிட்டு அங்கேயே போய்விட்டார். நான் ஒருதடவை அவரைப் பார்க்க அனுப்பம்பட்டு வரைக்கும் போய் ரயில் ஏறி மெட்ராஸ் போனேன். விலாசம் சரியாக இல்லை. யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டுத் திரும்பிவிட்டேன். அது என் தப்புதான். அவருக்கு நான் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதாக ஞாபகம் இல்லை. எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தையை வாயால் சொல்லும் வழக்கம் இல்லை. நல்ல இறாலாகப் பார்த்துக் கொடுப்போம். கொடுத்தேன். அது போதாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அன்றைக்கு நடந்ததில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

தலைவர் சரி என்று சொன்னதும் எல்லோரும் சந்தோஷமாக எழுந்தார்கள். ரோசம்மா அத்தை பாய்க்கு மோர் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினாள். பாய் ஆர்கனின் முதுகுப் பலகையைக் கையில் எடுத்து, மூடப்போனவர், என்னைப் பார்த்தார். முகத்தைத்தான் பார்த்தார், வழக்கம்போல.

"இன்னா தம்பி?"

ஒண்ணுமில்ல என்று சொல்லியிருக்க வேண்டியதுதான். என் இடம் எனக்குத் திரும்பக் கிடைத்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. தலைவர் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. இப்போது வாயைத் திறந்தால், பார்த்தாயா இன்னும் சரியாகவில்லை என்று எல்லாவற்றையும் பழையபடி திருப்பச் சொல்லிவிடுவார். அவ்வளவும் எனக்குத் தெரிந்தது.

"முதல் ரெண்டு கறுப்புல, இடது பக்கத்துது," என்றேன். "அது இன்னும் சரியா இல்ல பாய்."

தலைவர் திரும்பினார். "அடேய்! ஊரே நல்லா இருக்குன்னுது, உனக்கு இன்னாடா இப்ப?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆனால் பாய் பலகையைக் கீழே வைத்துவிட்டார். தலைவர் அங்கே இருப்பதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை.

"மேலயா, கீழயா?"

"மேல. ஒரு மயிரிழை ஏறி நிக்குது."

அவர் குனிந்தார். நான் அந்தக் கட்டையையும் அதன் கூட்டாளியையும் சேர்த்து அழுத்திப் பிடித்தேன். ஆட்டம் மெதுவானது. இன்னும் மெதுவானது. பாய் தலையைத் தூக்காமல் என் சொல்லை எதிர்பார்த்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"போதும்" என்றேன்.

நிறுத்திவிட்டார்.